யாரும் தொடாத பச்சை பட்டன்

அத்தியாயம் 6

“பாக்கச் சாதுவாத்தான் இருக்கு” என்றேன்.

ரோபோ பதில் சொல்லவில்லை. நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல், ஒற்றைக் கையைத் தூக்கியபடி, வகுப்பில் சந்தேகம் கேட்கும் பையன் மாதிரி லேபின் நடுவில் நின்றது. அந்தக் கையின் நுனியில் இருந்த கத்தரியைக் காணோம். போன வாரம் அது ஒரு பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்களை நறுக்கிவிட்டது. அதனால் கழற்றி எங்கேயோ பூட்டி வைத்துவிட்டார்கள்.

மாரீஸ்வரி அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம்.

அக்கா தேனியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். அதற்கு முன்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, கவிழ்ந்த லாரிகளையும் உருண்ட ஜீப்புகளையும் போய்ப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று எழுதிக்கொடுக்கிற வேலை. நான் தவசி. அவருடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். பெயர்தான் தவசி, பசி வந்தால் ஒரு நிமிஷம் தாங்க மாட்டேன்.

காலையில் நான் இட்லியைப் பிரிக்கிற நேரம் பார்த்துத்தான் ஈஸ்வரபாண்டி ஆபீசுக்கு வந்தார். ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. விரல் போனது அவருடைய மகள் அனுஷ்காவுக்கு.

“எம் மக வாயே தொறக்க மாட்டேங்குது மேடம். யாரு பண்ணுனதுன்னு கேட்டா சுவத்தப் பாக்குது. அந்தப் பயலுக்குப் பயப்படுதுன்னு நெனைக்கிறேன். நீங்க போய்ப் பாருங்க. சாயங்காலம் எனக்கு உறுதியாப் பேரு வேணும். நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன். அவன் ஆயுசுக்கும் இன்ஜினியர் ஆகக் கூடாது.”

‘அந்தப் பயல்’ சூரியபிரகாஷ். அனுஷ்காவின் வகுப்பு. அவன் ஒரு பட்டனைத் திருகினான், ரோபோவின் கத்தரி மூடியது. வகுப்பே பார்த்திருக்கிறது. அன்று காலையில்தான் அவனுக்கும் அனுஷ்காவுக்கும் சண்டை நடந்தது. அதையும் வகுப்பே பார்த்திருக்கிறது. சாட்சி இருக்கிறது, காரணம் இருக்கிறது, இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்று நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிற விபத்தை அக்கா எப்போதுமே நம்பியதில்லை.

உத்தமபாளையம் தாண்டி, தோட்டங்களுக்கு நடுவே நின்றது அந்தப் பொறியியல் கல்லூரி. லேபைத் திறந்துவிட்ட ஆசிரியர் விஜய்ராஜுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பல நாள் தூங்காத முகம்.

“மூணாம் வருஷப் பாடம் மேடம். திராட்சை வெட்டுற ரோபோ. நாலு டீம். ஒரு டீம் வண்டி, ஒரு டீம் கை, ஒரு டீம் கேமரா, ஒரு டீம் சுவிட்ச் பெட்டி. தனித்தனியா எல்லாமே நல்லா ஓடும். ஒண்ணாச் சேக்கும்போதுதான் வம்பு வரும். அந்த வம்பைப் புத்தகத்துல படிச்சா புரியாது, கையால தொட்டுக் கத்துக்கணும். அதுக்குத்தான் இந்த லேபே.”

“கல்யாணம் மாதிரி” என்றேன். “மாப்பிள்ளை வீடும் நல்லவுக, பொண்ணு வீடும் நல்லவுக. பந்தியில ஒண்ணா உக்கார வச்சாத்தான் சாம்பாரு சரியில்லன்னு ஆரம்பிப்பாக.”

விஜய்ராஜ் சிரிக்கவில்லை. ‘கையால தொட்டு’ என்று தானே சொன்ன வார்த்தையில் அவர் மாட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது.

“சேக்குற பொறுப்பு யாருக்கு?” என்றார் அக்கா.

“அனுஷ்காவுக்கு. கிளாஸ்லயே கெட்டிக்காரப் பிள்ளை.”

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

அவர் சொன்னது இதுதான். செய்முறைத் தேர்வு. பிளாஸ்டிக் திராட்சைக் குலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். கயிறு கத்தரியில் சிக்கிக்கொண்டது. சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சூரியபிரகாஷ் சிவப்பு பட்டனை அமுக்கினான்; அமுக்கினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திருகினால்தான் வெளியே வரும். எல்லாம் நின்றது. அனுஷ்கா கயிற்றை எடுக்கக் கையை விட்டாள். அவன் சிவப்பைத் திருகி விடுவித்தான்.

“கை உள்ள இருக்கும்போதேவா?”

“அது தப்பில்லை மேடம். நான் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். சிவப்பை விடுவிச்சா கரண்ட் மட்டும்தான் வரும், கை அசையாது. பச்சையை அமுக்கினாத்தான் அசையும். எல்லாரும் விலகி நின்னபிறகு பச்சையை அமுக்கணும். அவன் பச்சையையும் சேத்து அமுக்கிட்டான்னு சொல்றாங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் அனுஷ்காவைப் பாத்துட்டு இருந்தேன்.”

அக்கா ரோபோவின் முன் உட்கார்ந்தார். சக்கரம், கேமரா, பெட்டி என்று எதையும் விடாமல் அதன் உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

“ஆயுத பூஜை நல்லா நடந்துச்சா சார்?”

“நடந்தது. பிள்ளைங்கதான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சாங்க.”

“சிவப்பு பட்டனுக்கும் வச்சாகளா?”

“ஆமா.”

“இப்பக் காணோமே.”

நானும் குனிந்து பார்த்தேன். சிவப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. “அமுக்கி அமுக்கி அழிஞ்சிருக்கும்” என்றார் விஜய்ராஜ்.

“பச்சையைப் பாருங்க.”

பச்சை பட்டனின் மேல் பொட்டு அப்படியே இருந்தது. வட்டம் கலையாத சந்தனம், நடுவில் குங்குமம். வெயிலில் காய்ந்த குளத்து மண் போல மெல்லிய விரிசல் விட்டிருந்தது. ஒரு விரல் பட்டிருந்தால் உதிர்ந்திருக்கும்.

“பூஜைக்கப்புறம் மெஷினை ஓட்டுனீங்களா?”

“தினமும் ஓட்டினோம் மேடம். தேர்வுக்காகப் பழகினாங்க.”

“எந்த பட்டனை அமுக்கி?”

விஜய்ராஜ் பச்சையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

“தவசி, அந்தச் சிவப்பை அமுக்கி வச்சுக்கிட்டு பிளக்கைப் போடு. பெறகு தள்ளி நின்னு திருகிவிடு.”

“அக்கா, எனக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?”

“திருகுலே.”

திருகினேன். பச்சையை யாரும் தொடவில்லை. ரோபோ லேசாக உறுமியது. தூக்கியிருந்த கை கீழே இறங்கி, காற்றில் கிடந்த எதையோ எட்டிப் பிடித்து, இல்லாத கத்தரியால் வெட்டியது. போன வாரம் பாதியில் விட்ட வேலையை முடிக்கிற மாதிரி இருந்தது. அவசரமாகச் சிவப்பை அடித்தேன்.

விஜய்ராஜ் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். “இப்படி நான் சொல்லிக் கொடுக்கலை. சத்தியமாச் சொல்லிக் கொடுக்கலை. கரண்ட் வந்ததும் தானா ஓடுற மாதிரி யாரோ புரோகிராமை மாத்தியிருக்காங்க.”

“யாருன்னு கம்ப்யூட்டர் சொல்லுமா?”

“சொல்லாது. வகுப்புக்கே ஒரே பாஸ்வேர்டு.”

“இந்த லேபில கரண்டு போகுமா?”

“போகாது. யூபிஎஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு.”

“அப்ப இங்கன உக்காந்து இந்த மாத்தத்தைச் செய்ய யாருக்கும் தேவையே இல்ல.” அக்கா எழுந்தார். “கரண்டு போற எடத்துக்கு இது போயிருக்கு.”

“லேபை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு விதி இருக்கு மேடம்.”

அக்கா தலையில் இருந்த கொண்டை ஊசி ஒன்றை எடுத்து, சக்கரத்தின் ரப்பர் பள்ளத்தில் சுரண்டினார். யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் ஊசி நுனியில் செம்மண்ணோடு, நீலமாக ஏதோ பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கு அடிக்கிற மருந்து. பந்தலுக்குக் கீழே தரையே அந்த நிறத்தில்தான் இருக்கும்.

“விதி இருக்கட்டும் சார்” என்றேன். “உங்க ரோபோ தோட்டத்துக்கு டூர் போயிட்டு வந்திருக்கு.”

சூரியபிரகாஷ் ஹாஸ்டல் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தான். கடமலைக்குண்டிலிருந்து அவன் அப்பா வந்து கூட்டிப் போக வேண்டும். அவர் இன்னும் வரவில்லை. எங்களைப் பார்த்ததும், யார் என்று கூடக் கேட்காமல், “நாந்தான் பண்ணுனேன்” என்றான்.

“என்ன பண்ணுன?” என்றார் அக்கா.

“திருகுனேன்.”

“பச்சையை அமுக்குனியா?”

“இல்ல. ஆனா திருகுனது நாந்தான. நான் திருகாம இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. காலையிலேயே பிரின்சிபால் ரூம்ல ஒத்துக்கிட்டேன். அவுகளும் அதுதான் நல்லதுன்னாக.”

நல்லதுதான், கல்லூரிக்கு. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பையன் பழியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தால், வேண்டாம் என்று சொல்ல எந்த ஆபீசுக்கு மனசு வரும்?

“தம்பி, பச்சையைத் தொடாமலே அந்தக் கை ஓடுது. இப்பத்தான் நாங்க ஓட்டிப் பாத்தோம். நீ பண்ணல” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நம்பிக்கை வந்த மாதிரி ஒரு கணம் இருந்தது, உடனே போய்விட்டது. “அப்படிப் பாத்தாலும் என் பெட்டிதான அண்ணே. பழகுறப்ப பிளக்கைப் போட்டதும் ஓடுச்சு, யாரோ பச்சையை அமுக்கியிருப்பாகன்னு நானும் இருந்துட்டேன். என் கண்ணு முன்னாலதான அந்தப் புள்ள கத்துச்சு.”

“அன்னைக்குக் காலையில எதுக்குச் சண்டை?” அக்கா விடவில்லை.

தயங்கினான். “அது அந்தப் புள்ளையை மாட்டி விடுற மாதிரி ஆயிரும்.”

“யாரையும் மாட்ட மாட்டேன், சொல்லு.”

“பூஜைக்கு முன்னாடி மெஷினை ஒரு தோட்டத்துக்குக் கொண்டு போயிருக்காக. எங்கிட்டச் சொல்லல. வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான், அன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். எதையாவது மாத்துனா நாலு டீமுக்கும் சொல்லணும்னு சார் மொத நாளே சொல்லியிருக்காரு. என் பெட்டி சம்பந்தமா எதுவும் மாத்துனீகளான்னு கேட்டேன். அனுஷ்கா ‘ஒண்ணும் மாத்தல’ன்னு சொல்லுச்சு. நான் சத்தம் போட்டேன். அம்புட்டுத்தான்.”

“யார் தோட்டம்?”

“அவுக தோட்டந்தான். ராயப்பன்பட்டி.”

வண்டியில் ஏறும்வரை நான் பேசாமல் வந்தேன். எனக்கு அது பெரிய சாதனை. “அக்கா, அது நம்ம கிளையண்ட் தோட்டம்.”

“தெரியும். ஓட்டு.”

நாங்கள் போன நேரம் ராயப்பன்பட்டி சர்ச் மணி அடித்தது. ஈஸ்வரபாண்டி பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குலைகள் கறுத்துத் தொங்கின, அறுப்புக்கு நாள் தாண்டிவிட்டது. ஆள் விட்டு வெட்ட அவருக்கு மனசில்லை.

“பேரு கெடச்சுதா மேடம்?”

“இன்னும் ஒரு எடம் பாக்கணும்ணே. ரோபோவை இங்கன கொண்டு வந்தாகளாமே?”

“ஆமா, வந்தாக.” அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு குலையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். “சாப்பிடுங்க தம்பி. பன்னீர் திராட்சை.” என் முகத்தில் பசி எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். “எம் மகதான் ஆசைப்பட்டுச்சு. ‘பிளாஸ்டிக் பழத்தை எத்தனை நாளுக்குப்பா வெட்டுறது, நம்ம பந்தல்ல வெட்டிப் பாப்போம்’னுச்சு. காலேஜுக்குத் தெரியாம ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தாக. நாலஞ்சு பிள்ளைக. அன்னைக்கு என் வீட்டுலதான் எல்லாருக்கும் சாப்பாடு.”

அப்போதுதான் அது நடந்தது. தோட்டத்து மூலையில் மோட்டார் ரூமில் ‘படக்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து உறுமல். தொட்டியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் மனித நடமாட்டமே இல்லை. நான் கையில் இருந்த குலையைக் கீழே போட்டுவிட்டேன்.

“யாரு போட்டது?”

ஈஸ்வரபாண்டி சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. “யாரும் போட வேண்டாம் தம்பி. ஆட்டோ ஸ்டார்ட்டர் வச்சிருக்கேன். மும்முனைக் கரண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? எத்தனை நாளைக்கு முழிச்சுக் கெடக்க? இப்பக் கரண்டு வந்தா அதுவா எந்திரிச்சு விட்ட வேலையைப் பாக்கும்.”

விட்ட வேலையைப் பாக்கும். லேபில் அந்தக் கை இறங்கி வந்த விதம் என் கண்ணுக்குள் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஈஸ்வரபாண்டி நிறுத்தவில்லை. மகளைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கிடைத்த சந்தர்ப்பம், எப்படி நிறுத்துவார்? “அன்னைக்குங்கூடக் கரண்டு கண்ணாமூச்சி காட்டுச்சு. போகும், வரும், போகும், வரும். ஒவ்வொரு தடவையும் பந்தலுக்குள்ள குனிஞ்சு போயி பச்சையை அமுக்கணும். எம் மகதான் ஓடி ஓடி அமுக்குச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. ‘ஏத்தா, நம்ம கெணத்து மோட்டாருக்கு இருக்க புத்திகூட ஒங்க மெஷினுக்கு இல்லையே, இதுக்கும் ஒரு ஆட்டோ ஸ்டார்ட்டரு போட்டா என்ன’ன்னு கேட்டேன். சட்டுனு உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டுச்சு. பெறகு பாக்கணுமே! கரண்டு வந்தா அதுவா வெட்டுது. பிள்ளைக எல்லாம் கையைத் தட்டி, ‘அங்கிள், ஐடியா ஒங்களுது’ன்னாக.”

எத்தனையோ கேசில் குற்றவாளியைப் பிடிக்கும்போது ஒரு குஷி வரும். இந்தத் தடவை, ‘இதோடு நிறுத்துங்க, இன்னொரு வார்த்தை பேசாதீங்க’ என்று அந்த மனுஷனின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டாருக்கும் மகள் விரலுக்கும் நடுவில் எத்தனையோ கம்பிகள் இருந்தன. அதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“அனுஷ்காவைப் பாத்துட்டு வாரேண்ணே” என்றார் அக்கா. அவர் குரல் வழக்கத்தை விட மெதுவாக இருந்தது.

வீடு தோட்டத்தை ஒட்டியே இருந்தது. அனுஷ்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழுக்கக் கட்டு, தலையணை மேல். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காபி போட அடுப்படிக்குப் போனதும், அக்கா கதவைச் சாத்தினார்.

“பச்சை பட்டன்ல பூஜைக்கு வச்ச பொட்டு அப்படியே இருக்கு அனுஷ்கா.”

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“மோட்டாரு ஓடுறதையும் பாத்தோம்” என்றார் அக்கா.

அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

“லேபுக்கு வந்ததும் எடுத்துரணும்னுதான்க்கா இருந்தேன். பூஜை லீவு வந்துச்சு. லீவு முடிஞ்சு வந்து பாத்தா எல்லாம் நல்லா ஓடுச்சு, மறந்தே போச்சு. சூர்யா வந்து கேட்டப்பகூட அவன் பெட்டியைத்தான் கேக்குறான்னு நெனச்சு, மாத்தலன்னு சொல்லிட்டேன். பெட்டியில நான் ஒண்ணும் மாத்தலைல. கத்தரி மூடுனப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

“அவன் மூட்டை கட்டி உக்காந்திருக்கான்.”

“தெரியும்.”

“நாளைக்குக் காலையில உங்க அப்பா அவன்மேல கேஸ் குடுக்கப் போறாரு.”

“தெரியும்க்கா. தோட்டத்துக்கு வந்தவுகளும் காலேஜுக்குப் பயந்து வாயைத் தொறக்கல.”

“அப்ப ‘நாந்தான் மாத்துனேன்’னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா, ‘ஏன் மாத்துன’ன்னு கேப்பாரு.” அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். “ஆஸ்பத்திரில என் கையைப் பாத்துட்டு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ‘இதுக்குக் காரணமானவன் கை இருக்கக் கூடாது’ன்னு சொன்னாரு. டாக்டர் முன்னால சொன்னாரு. எங்க அப்பா வாயில ஒண்ணு வந்தா வந்ததுதான். அவருக்கு எப்படிக்கா நான் சொல்லுவேன்?”

ஃபேன் சுற்றுவது மெதுவாகக் குறைந்து நின்றது. கரண்டு போய்விட்டது. தூரத்தில் மோட்டார் சத்தமும் நின்றது.

“நீங்க சொல்லிராதீங்க” என்றாள். “நாளைக்குள்ள நான் வேற ஏதாவது யோசிக்கிறேன்.”

“என்ன யோசிப்ப?”

அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். லாரி டிரைவர் பொய் சொன்னால் டயர் தடத்தை வைத்து மடக்குகிற மாரீஸ்வரி அக்கா, கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். சொன்னால் இந்த வீடு உடையும். சொல்லாவிட்டால் கடமலைக்குண்டில் ஒரு வீடு உடையும். இதில் உதவியாளன் என்ன உதவ முடியும்? காபி வந்தது. யாரும் குடிக்கவில்லை.

வெளியே வாசலில் ஈஸ்வரபாண்டி எங்களுக்காகக் காத்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார், பெயரைக் கேட்டால் காலைவரை காத்திராமல் இப்போதே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார் போல. எங்கள் பின்னாலேயே அனுஷ்காவும் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மேடம், பேரு?”

“அந்தப் பையன் இல்லண்ணே” என்றார் அக்கா. “அவன் ஓட்டவே இல்ல. மெஷினு தானா ஓடியிருக்கு.”

“தானாவா?” அவர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மெஷினு தானா எப்படிம்மா ஓடும்? அதுக்கு எவனாவது சொல்லிக் குடுத்திருப்பான்ல? அவன் பேரைச் சொல்லுங்க.”

நான் தரையைப் பார்த்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. “அப்பா…” என்றாள் அனுஷ்கா. அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை.

“சொல்லுங்க மேடம். யாரா இருந்தாலும் பரவாயில்ல. நான் பாத்துக்கிறேன்.”

‘படக்.’

தோட்டத்து மூலையில் மோட்டார் எழுந்தது. பழக்கத்தில் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பழக்கத்தில் வாயும் பேசியது. “கரண்டு வந்துருச்சு, அதுவா…”

நின்றுவிட்டார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார், அவள் முகத்தை அல்ல, கட்டுப்போட்ட கையை. அவள் சட்டென்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அவருக்குச் சந்தேகமாகவே இருந்திருக்கும்.

“ஆத்தா” என்றார். “ஒனக்கு மொதல்ல இருந்தே தெரியுமா?”

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். அழவில்லை, கத்தவில்லை. தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அந்தப் பிள்ளையும் நல்லதுக்குத்தான் செஞ்சுச்சு” என்று ஏதோ சொன்னார். எல்லாம் உண்மைதான். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

“நாளைக்கு நானே காலேஜுக்கு வாரேன்” என்றார் ரொம்ப நேரம் கழித்து. “அந்தப் பையன்மேல தப்பில்லன்னு சொல்லிர்றேன். பெறகு யாரு தப்புன்னு கேப்பாகளே. கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?”

தொட்டி நிரம்பி, தண்ணீர் வாசல்வரை வந்து அவர் செருப்பை நனைத்தது. அவர் காலை எடுக்கவில்லை.

“தவசி, போயி அந்த மோட்டாரை நிறுத்து” என்றார் அக்கா.

ஓடினேன். ரூமுக்குள் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். இரண்டிலும் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. சிவப்பின் மேல் விரலை வைத்து அமுக்கினேன். பொட்டு உதிர்ந்தது. மோட்டார் நின்றது.

அதன்பிறகும் விரலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் மறுபடி ஓடிவிடுமோ என்று, அமுக்கியபடியே அங்கே நின்றுகொண்டிருந்தேன்.